முப்பத்தொன்றாவது கக்கூஸ்

"டாக்டர் ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லிட்டாரு சார்."

"குடி. யாரு வேணாம்னா?" என்றார் மேனேஜர், தலையைத் தூக்காமல்.

"குடிச்சா போகணுமே சார்."

"போ."

"எங்க சார் போறது?"

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பேச்சு இந்தப் பக்கம் வரும் என்று தெரிந்திருந்தால் தண்ணீர் குடிக்கவே அவர் அனுமதி கொடுத்திருக்க மாட்டார்.

அந்த ஓட்டலுக்கு மூன்று மாடி. மாடிக்குப் பத்து ரூம், ரூமுக்கு ஒரு கக்கூஸ். ஆக முப்பது. முப்பதும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் சிலர், ஊரைவிட அதைத்தான் அதிகம் புகழ்ந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படி வைத்திருந்தது மூன்று பெண்கள். அவர்களுக்குப் பெயர் என்று எதுவும் அங்கே கிடையாது. முதல் மாடியைக் கூட்டுகிறவள் முதல் மாடி, அடுத்தவள் ரெண்டாம் மாடி, மேனேஜர் முன்னால் நிற்கிற இவள் மூணாம் மாடி. "ரெண்டாம் மாடிக்குக் காய்ச்சல்", "மூணாம் மாடி இன்னும் சாப்பிடலை" என்றுதான் பேச்சு. புதிதாக வந்து தங்குகிறவர்கள் கேட்டால் கொஞ்சம் பயந்து போவார்கள்.

ஆம்பளைகளுக்கு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. முதலாளி வீடு பக்கத்திலேயே. மேனேஜர் காலியான ரூமைச் சோதனை போடப் போவார். நாளைக்கு நாலு தடவையாவது சோதனை போடாமல் அவருக்குப் பொழுது போகாது. பெண்கள் மூன்று பேருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். போகப் பத்து நிமிஷம், வரப் பத்து நிமிஷம், அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் கேட்டைத் தாண்டலாம். தாண்டும்போது வாட்ச்மேன், "இன்னைக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்பார். ஒன்பது வருஷமாக அதே கேள்வி. அவருக்கு ஒரு நாளும் அலுத்ததில்லை.

அதனால் மூணாம் மாடி தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ, அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தொண்டை நனையும். ஒன்பதாவது வருஷத்தில் சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியா, இல்லை ஆபரேஷனுக்குத் தேதி எழுதட்டுமா?" என்றார். ஆபரேஷன் என்றால் ஒரு மாதம் படுக்கணும். ஒரு மாதம் படுத்தால் மூணாம் மாடி என்ற பெயரை வேறு ஒருத்திக்கு வைத்துவிடுவார்கள்.

"ரூமைக் கழுவும்போது அங்கயே போயிட்டு, அதையும் சேர்த்துக் கழுவிடறேன் சார். ஒருத்தருக்கும் தெரியாது."

"அதுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கேனே. படிக்கலையா நீ?"

படித்திருந்தாள். உண்மையில் அவள் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே அதைப் பார்த்துத்தான். ஒவ்வொரு குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் மேனேஜர் கைப்படத் தயாரித்த அறிவிப்பு ஒன்று ஒட்டியிருக்கும். தினம் பத்துக் கதவைத் துடைத்துத் துடைத்து, ஒரு எழுத்தாகச் சேர்த்துச் சேர்த்து, முப்பத்தெட்டாவது வயதில் வாழ்க்கையில் முதல்முதலாக அவள் முழுசாகப் படித்த வாக்கியம், 'ஊழியர்கள் இந்தக் கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது' என்பது. படித்து முடித்த அன்றைக்கு சந்தோஷத்தில் ரெண்டாம் மாடியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"இதுக்கு நீ படிக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள் ரெண்டாம் மாடி.

மேனேஜர் பேச்சை முடிக்கப் பார்த்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். கையில் ஒரு கடிதம். முகத்தில் வேர்வை.

"பெரிய சுற்றுலாக் கம்பெனி எழுதியிருக்கான்யா. வருஷம் பூரா நமக்கு கூட்டம் கூட்டமா ஆள் அனுப்பறானாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஆராய்ச்சி அம்மா வந்து பார்ப்பாங்களாம். சுற்றுலாத் தொழில்ல பெண்கள் நிலை என்னன்னு." கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நம்ம ஓட்டல்ல பெண்கள் எந்த நிலையில இருக்காங்க?"

"குனிஞ்ச நிலையில" என்றாள் வாசலில் மாப் பிழிந்துகொண்டிருந்த ரெண்டாம் மாடி, தனக்குள் சொல்வதுபோல.

முதலாளிக்குக் காதில் விழவில்லை. "பொறுப்பான பதவியில இருக்கற பெண்களைப் பார்த்துப் பேசணுமாம். நாளைக்கே வர்றாங்க. யாரு இருக்கா நம்மகிட்ட?"

மேனேஜர் யோசித்தார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. ஓட்டலில் பெண்கள் மூன்றே பேர். முதல் மாடிக்குக் காது மந்தம். ரெண்டாம் மாடிக்கு வாய் நீளம். அவர் கண் மூணாம் மாடியின் மேல் வந்து நின்றது.

"இதுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும் சார்."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் இதுதான் மேனேஜர்."

வாய்ப்பு என்பது அடிக்கடி வருவதில்லை என்று மூணாம் மாடிக்குத் தெரியும். "உட்கார்றேன் முதலாளி. நீங்க சொல்ற மாதிரியே பேசறேன். அந்தம்மா போனதும் எங்க மூணு பேருக்கும் கீழ ஒரு கக்கூஸ் மட்டும்..."

"முதல்ல ஒழுங்கா உட்காரு. அப்புறம் பார்ப்போம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜரின் கறுப்புக் கோட்டு மூணாம் மாடிக்கு மாட்டப்பட்டது. தோளில் தொங்கியது, கை விரல் நுனிவரை வந்தது. முதல் மாடி குண்டூசி குத்திச் சரிசெய்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது சுழன்று அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டது. ஒன்பது வருஷம் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாள். அது சுழலும் என்று அவளுக்குத் தெரியாது.

"சிரிக்காம இரு. முகத்தை எரிச்சலா வச்சுக்க. நான் எப்படி இருப்பேன், அப்படி" என்று மேனேஜர் சொல்லிக் கொடுத்தார்.

முதலாளி தள்ளி நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. "ஒரு பொம்பளை மேனேஜர்னா நல்ல பேரு. மூணு பேரு பெரிய பதவியில இருந்தா இன்னும் நல்ல பேருதானே?"

அப்படியாக முதல் மாடி வரவேற்பு அதிகாரி ஆனாள். ரெண்டாம் மாடி விருந்தினர் நலப் பொறுப்பாளர் ஆனாள். "நலம்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ண வேணாம், நில்லு" என்றார் முதலாளி.

எல்லாரும் இடத்தில் நின்ற பிறகுதான் மேனேஜருக்கு ஒன்று உறைத்தது. "சார், அப்ப முப்பது ரூமை யாரு கூட்டறது?"

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். வரவேற்பில் இருக்கிற ஆளைப் பார்த்தார். கேட்டில் இருந்த வாட்ச்மேனைப் பார்த்தார்.

"ஒரு நாள்தானேய்யா" என்றார்.

ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் முதல் மாடியிலும், வரவேற்பு ஆள் ரெண்டாம் மாடியிலும், மேனேஜர் மூன்றாம் மாடியிலும் ஏறினார்கள். மேனேஜர் கையில் பக்கெட்டும் துடைப்பமும் இருந்தன. லிஃப்டில் போகப் பார்த்தவரை, "கூட்டறவங்க படியில போகணும் சார். நீங்கதானே சொல்லியிருக்கீங்க" என்று ரெண்டாம் மாடி திருப்பி அனுப்பினாள்.

ஒன்பதே கால்மணிக்குப் போன் அடித்தது. மூணாம் மாடி எடுத்தாள்.

"மேனேஜரா? முன்னூத்தி ஆறுல இருந்து பேசறேன். இங்க ஒரு ஆளு போர்வை உறைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்காரு. வெளியில வரத் தெரியலை போல."

அவள் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கட்டிலில் ஒரு பெரிய வெள்ளை மூட்டை கை கால் முளைத்து ஆடிக்கொண்டிருந்தது. ரூமில் தங்கியிருந்த தம்பதிகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அசையாதீங்க சார். உறையை உள்பக்கம் வெளியில திருப்பணும். கையை விட்டு ரெண்டு மூலையைப் பிடிச்சுக்கிட்டு, போர்வையோட மூலையைச் சேர்த்துப் பிடிச்சு, ஒரே உதறு."

"மூலை எங்க இருக்கு?" என்றது மூட்டை.

"உங்க தலை மேல இருக்கு."

அவள் ஒரு உதறு உதறினாள். போர்வை உறைக்குள் போனது, மேனேஜர் உறைக்கு வெளியில் வந்து விழுந்தார். தலைமுடி நட்டுக்குத்தலாக நின்றது. அவர் எழுந்து, பழக்கத்தில் அவளை அதட்ட வாயைத் திறந்தார். வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்களே மேல வந்து சொல்லிக் குடுக்கறீங்களா மேடம்?"

ஆராய்ச்சி அம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் துணிப்பை, கையில் தடி நோட்டு. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. 'மேடம்' என்றதும் மூணாம் மாடி தனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"வர்ற வழியில பார்த்தேன்" என்றார் ஆராய்ச்சி அம்மா. "கீழ வரவேற்புல ஒரு அம்மா. மாடிப்படியில விருந்தினர் நலம் ஒரு அம்மா. மேனேஜர் நீங்க. கூட்டிப் பெருக்கறது மூணு பேரும் ஆம்பளைங்க. இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், இப்படி ஒரு ஓட்டல் நான் பார்த்ததே இல்லை."

"நாங்களும் பார்த்ததில்லைங்கம்மா" என்றாள் மூணாம் மாடி, நிஜமாகவே.

கீழே மேனேஜர் அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். முதலாளி ஓரத்தில் நின்றார். தான் யார் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை; ஆனால் ஓட்டலில் ஒரு வேலையும் செய்யாமல் நிற்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் பார்த்தாலே தெரிந்தது. ஆராய்ச்சி அம்மா ஜாடியிலிருந்து ரெண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை நகர்த்தினார்.

"குடிங்க மேடம்."

மூணாம் மாடி டம்ளரைப் பார்த்தாள். அடுத்தவர் தனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. குடித்தாள். காலி டம்ளரில் அந்த அம்மா மறுபடி ஊற்றினார். மறுப்பது மரியாதையில்லை என்று அதையும் குடித்தாள். கேள்விக்கு ஒரு டம்ளர் என்று கணக்குப்போல ஆகிவிட்டது.

"பெண்ணா இருந்து இந்தப் பதவிக்கு எப்படி வந்தீங்க?"

"நேத்து..." என்று ஆரம்பித்தாள். முதலாளி இருமினார். "நேத்துதான் வந்த மாதிரி இருக்குங்கம்மா. கஷ்டப்பட்டு வந்தேன்."

"ஆம்பளை ஊழியர்கள் உங்க பேச்சைக் கேட்கறாங்களா?"

"இன்னைக்குக் கேட்கறாங்க."

நாலாவது டம்ளரில் அவளுக்கு வந்துவிட்டது. மூணாம் மாடி நெளிந்தாள். நாற்காலி சுழன்றது. காலை ஊன்றி நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது, தான் மேனேஜர் என்று. மேனேஜருக்குப் பஸ் ஸ்டாண்டு கிடையாது.

"ஒரு நிமிஷங்கம்மா" என்று எழுந்தாள். "காலி ரூம் ஒண்ணைச் சோதனை போட்டுட்டு வந்துடறேன்."

"அட, நல்லதாப் போச்சு. நானும் வர்றேன். ஒரு பெண் மேனேஜர் எப்படிச் சோதனை போடறாங்கன்னு பார்க்கணும்."

ரெண்டு பேரும் நூற்றி நாலுக்குப் போனார்கள். மூணாம் மாடி கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், ஜன்னலைத் திறந்து மூடினாள். குளியலறைக்குள் போனாள். ஆராய்ச்சி அம்மாவும் உள்ளே வந்து நோட்டை விரித்துக்கொண்டு நின்றார். மூணாம் மாடி வெள்ளைவெளேர் என்று இருந்த அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் விட்டுப் பார்த்தாள். தண்ணீர் சத்தம் கேட்டதும் நிலைமை இன்னும் மோசமானது.

"ரொம்ப நுணுக்கமாப் பார்க்கறீங்க மேடம். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு" என்றார் ஆராய்ச்சி அம்மா.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி வந்தது.

"இங்க கூட்டிப் பெருக்கறவங்களுக்கு என்னென்ன வசதி செஞ்சு வச்சிருக்கீங்க?"

இதற்கு முதலாளி பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். "எல்லா வசதியும் இருக்கு" என்று சொல்லணும். மூணாம் மாடி வாயைத் திறந்தாள். எதிரில் ஒரு ஆள் நோட்டைத் திறந்து, பேனாவைத் திறந்து, தான் சொல்வதை எழுதக் காத்திருக்கிறார். ஒன்பது வருஷத்தில் இப்படி ஒருத்தர் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. அடிவயிறு வேறு ஒரு பக்கம் இடித்தது. முதலாளி முறைப்பதை அவள் பார்த்தாள். பார்த்தும், வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"கக்கூஸ் இல்லைங்கம்மா."

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?"

"முப்பது ரூம்ல முப்பது இருக்குங்கம்மா. கழுவறவங்க போக ஒண்ணு கிடையாது. தண்ணி குடிக்காமயே வேலை செய்யறாங்க. கல்லு வந்துடுது. டாக்டர் குடின்னு சொல்றாரு, குடிச்சா போக இடமில்லை."

ஆராய்ச்சி அம்மா எழுதினார். வரி வரியாக எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அந்த முகத்தில் சற்று முன்பு இருந்த சிரிப்பு இல்லை.

"இதை இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்களே மேடம். நீங்கதானே இங்க மேனேஜர்? ஏன் கட்டித் தரலை?"

மூணாம் மாடி முதலாளியைப் பார்த்தாள்.

"கேட்கறேன்ல? எத்தனை வருஷமா இப்படி?"

"ஒம்பது வருஷங்கம்மா."

"ஒம்பது வருஷமா தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கீங்க. வேலை செய்யறவங்க தண்ணி குடிக்காம வாடறாங்க, நீங்க இங்க குளுகுளுன்னு உட்கார்ந்து டம்ளர் டம்ளராக் குடிக்கறீங்க. ஒரு பொம்பளை பதவிக்கு வந்தா மத்தவங்க கஷ்டம் புரியும்னு நாங்க மேடைக்கு மேடை பேசிக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா?"

"இருக்குங்கம்மா" என்றாள் மூணாம் மாடி. தனக்குக் கக்கூஸ் கட்டிக்கொள்ளாத கொடுமைக்காரி தானேதான் என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. "மன்னிச்சுடுங்க" என்றும் சொன்னாள். யாரிடம் எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை.

"மன்னிப்பு அவங்ககிட்ட கேளுங்க." ஆராய்ச்சி அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் மேல போய் அவங்ககிட்டயே பேசிக்கறேன். நீங்க யாரும் கூட வர வேணாம்."

முதலாளி மாடிப்படிவரை பின்னாலேயே ஓடினார். மூணாம் மாடிக்கு வேறு ஓட்டம் இருந்தது. காலி ரூமை மறந்து, கால்கள் பழக்கப்படி கேட்டுக்குத் திரும்பின. கேட்டில் வாட்ச்மேன் இல்லை. அவர் முதல் மாடியில் தலையணையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எந்த பஸ் என்று கேட்க ஆளில்லாத முதல் நாள் அது. கறுப்புக் கோட்டு காற்றில் பறக்க, குண்டூசிகள் குத்த, அவள் தெருவில் ஓடினாள். வழியில் ரெண்டு பேர் வக்கீல் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள்.

மூன்றாம் மாடியில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. ரெண்டாம் மாடிதான் பார்த்தாள்.

மேனேஜர் காலையில் வீட்டில் ரெண்டு காபி குடித்துவிட்டு வந்திருந்தார். பத்து மணி முதல் சோதனை போடத் துடித்துக்கொண்டிருந்தார். ஆனால் எந்தக் கதவைத் திறந்தாலும் ஆள் இருந்தது. ஆள் இல்லாத ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினால் ரெண்டாம் மாடி வந்து தட்டினாள். "உள்ள என்ன பண்றீங்க? அறிவிப்பைப் படிக்கலையா? விருந்தினர் நலம்னு என்னை எதுக்கு நிக்க வச்சிருக்காங்க?" ஜெனரேட்டர் பக்கம் போகலாம் என்று படியில் இறங்கியவரை எதிரே ஏறி வந்த ஆராய்ச்சி அம்மா பிடித்துக்கொண்டார்.

"உட்காருங்க ஐயா. பயப்படாதீங்க. உங்க மேனேஜர் இங்க இல்லை. மனசுல இருக்கறதை எல்லாம் சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேங்கம்மா. அவசரமா..."

"பார்த்தீங்களா, பயப்படறீங்க. ஆம்பளைங்க மனசு விட்டுப் பேச மாட்டீங்க, அதுதான் இதுல பெரிய சிக்கல். நான் விட மாட்டேன். உட்காருங்க."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தப்பாகப் போயிற்று. குடும்பம், வேலை நேரம், முதுகுவலி என்று அந்த அம்மா பொறுமையாக ஒவ்வொன்றாக விசாரித்தார். முக்கால் மணி நேரம். மேனேஜர் ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டார், மாற்றிப் போட்டார், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். கடைசியில் ஐம்பத்திரண்டு வயது மனுஷன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதுவிட்டார்.

"ஒதுங்க இடம் இல்லைங்கம்மா. இந்தக் கட்டடத்துல வேலை செய்யறவனுக்கு ஒதுங்க ஒரு இடம் இல்லை. இதை எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம், இதை மட்டும் எழுதுங்க."

மூணாம் மாடி பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பியபோது ஆராய்ச்சி அம்மாவின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக அந்த அம்மா அவளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவள் அதற்கு முன்பு வாங்கியதில்லை.

"நீ மேனேஜரா இருந்து என்னத்தைக் கிழிச்சே?" என்று முதலாளி கத்தினார். "கழட்டு கோட்டை. நாளையிலிருந்து நீ மூணாம் மாடியும் இல்லை, ஒண்ணும் இல்லை. கம்பெனிக்காரன் பதில் வரட்டும். ஒத்துக்கிட்டான்னா பொழைச்சே. இல்லைன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே."

மேனேஜர் ஜெனரேட்டர் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். போர் முடிந்து வருகிறவர் மாதிரி இருந்தது. கோட்டை வாங்கிக்கொள்ளும்போது, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எப்படிம்மா ஒம்பது வருஷம்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் மூணாம் மாடிக்கு நம்பிக்கை வந்தது. "அவருக்கே பட்டுடுச்சுடி" என்று ரெண்டாம் மாடியிடம் சொன்னாள். "அவரு வாயாலேயே சொல்லிட்டாரு. நான் சொன்னா திட்டு. அவரு சொன்னா அது எழுத்துல ஏறும்."

"பட்டது காலையில. இப்ப போய்ட்டு வந்துட்டாரு. இனிமே ஞாபகம் இருக்காது" என்றாள் ரெண்டாம் மாடி. அவள் வாய்க்குச் சர்க்கரை போடணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் இருநூற்றி ஏழைச் சோதனை போடப் போனார்.

மூன்று வாரம் மூணாம் மாடி வேலைக்கு வந்து போனாள். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வலி வரும்போது துணி அறையில் அழுக்குப் பெட்ஷீட் மூட்டையின் மேல் சாய்ந்துகொள்வாள். வீட்டில் அவள் புருஷன், "இன்னும் பதில் வரலையா?" என்று தினம் கேட்டான். டாக்டர், "இன்னும் குடிக்கலையா?" என்று கேட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "வரும்."

வந்தது. முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார், அப்புறம் முகத்தைச் சுருக்கினார். ஆள் அனுப்பச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை. கூட்டிப் பெருக்குகிற ஊழியர்களுக்கு ஒரு மாதத்துக்குள் கழிவறை கட்டணும். ஆராய்ச்சி அறிக்கையில் எழுதியிருக்கிறபடியே கட்டணும். கம்பெனி ஆள் வந்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பான்.

"உன் நேரம் நல்லா இருக்கு. பொழைச்சுப் போ" என்றார் முதலாளி, மூணாம் மாடியைப் பார்த்து.

ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனார் ஒருத்தர் வந்தார். மூணாம் மாடி ஜன்னல் துடைக்கும் சாக்கில் மேலிருந்து தினம் எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு இடுப்பளவு, இன்றைக்குத் தோளளவு, இன்றைக்குக் கூரை. பெற்ற பிள்ளை வளர்வதைக்கூட அவள் இப்படி நின்று பார்த்ததில்லை. அப்போதெல்லாம் வேலைக்குப் போயிருந்தாள். சுவரில் பதிக்க வெள்ளை ஓடு வந்தபோது முதல் மாடியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். முதல் மாடி காதில் விழாததற்கெல்லாம் தலையாட்டுகிறவள். இதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலை முடிகிற அன்றைக்குக் காலையில் மூணாம் மாடி வீட்டில் ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள். ஓட்டலுக்கு வந்து இன்னொரு பாட்டில். ஒன்பது வருஷத்துக் கடனையும் ஒரே நாளில் தீர்த்துவிடுகிற மாதிரி, முன்னூற்றி மூன்றில் நின்று மூன்றாவதாகவும் ஒன்று குடித்தாள். பதினோரு மணிக்கு, எந்த அவசரமும் இல்லாதவள்போல, படியில் மெதுவாக இறங்கினாள். ரெண்டாம் மாடியும் கூட வந்தாள்.

உள்ளே கொத்தனார் ஈரத்துணியால் ஓடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசனை புதுசாக இருந்தது. சுவர் முழுக்க வெள்ளை. ஒரு சுவரில் வரிசையாக நாலு வெள்ளைத் தொட்டி, பளபளவென்று.

"கை கழுவவே நாலு வச்சிருக்காங்கடி" என்றாள் மூணாம் மாடி. குரல் அடங்கிப் போயிருந்தது. "மூணு பேருக்கு நாலு."

"ரொம்ப தாழ்வா இருக்கே."

"நம்ம உயரத்துக்குப் பார்த்துப் பார்த்து வச்சிருக்காங்க." அவள் தொட்டி ஒன்றின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். இன்னொரு கதவு எங்கேயும் இல்லை. கொத்தனார் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கை கழுவறது சரி. கக்கூஸை எங்க வச்சிருக்கீங்க?"

கொத்தனார் துணியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார்.

"இதுதாம்மா அது, நின்னுக்கிட்டே போறது. இங்க கூட்டிப் பெருக்கறது பூரா ஆம்பளைங்கதான், பொம்பளைங்க எல்லாரும் பெரிய பெரிய பதவியில இருக்காங்கன்னு அந்த ஆராய்ச்சியில எழுதியிருக்காமே."